சனிக்கிழமைக் கஞ்சி

"அந்த வேட்டிய உள்ள வைட்டி!"

"அக்கா, நான் சொல்றத செத்த—"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பட்டாளத்துல இருந்த மனுசன். கடைசியா உடுத்துறது கஞ்சி போட்டதாத்தான்—"

"—நேத்துதான் துவைச்சதுக்கா. பூ மாதிரி இருக்கு. எம் மவன் காசிராஜன் துபாயில இருந்து கொண்டாந்த வாசனைத் துணிய மடிப்புல வச்சிருக்கேன்."

"அது துணி துவைக்கிற மெஷின்ல போடுறதுன்னு நீதானட்டி சொன்ன? மெஷினே இல்லாதவளுக்கு அது எதுக்கு? செத்தவுகளுக்கு செண்டு வேற கேக்குதோ?"

ஓரகத்தி வெள்ளத்தாய் தான் கொண்டுவந்த வேட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருளம்மாள் டிரங்குப் பெட்டியிலிருந்து, தான் வெளுத்து வைத்திருந்த வேட்டியை எடுத்தாள். நீலம் முக்கி, வடிகஞ்சி போட்டு, அட்டை மாதிரி விறைத்து நின்றது. கொல்லையில் அவள் புருஷன் சுந்தரபாண்டியனைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் அறைக்குள் கேட்டது.

பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு ராஜபாளையத்தில் மில் காவல். ராத்திரி வேலை, பகலில் அங்கேயே தம்பி வீரணன், வெள்ளத்தாய் வீட்டில் தூக்கம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறும்போது ஒரு வாரத்துத் துணியை இருளம்மாள் கஞ்சி போட்டு அடுக்கிக் கொடுப்பாள். அது ஒன்றுதான் அவள் கையிலிருந்து அவரோடு போனது. தெருவில் நாலு பேர் பார்த்து, "ஆபீசர் கணக்கால்லா போறாரு" என்பார்கள். அவள் உள்ளே நின்று கேட்டுக்கொள்வாள்.

"மச்சானுக்குக் கஞ்சி ஆகாதுக்கா."

இருளம்மாள் திரும்பினாள். "யாருட்டி சொன்னா?"

"அவியதான். கழுத்த அறுக்குதும்பாக. பையோட வந்து இறங்குனதும், 'தாயீ, இதுகள எல்லாம் அலசிப் போடு'ம்பாக. இந்த வாசனைத் துணி வச்சுக் குடுத்த பொறவுதான், 'இப்பத்தான் உடுத்துனா உடுத்துன மாதிரி இருக்கு'ன்னாக."

கழுத்துப் புண். வாராவாரம் இருளம்மாள்தான் அதில் தேங்காய் எண்ணெய் தடவினாள். கேட்டால், "மில்லுல குடுத்த காக்கிச் சட்டை, காலர் ஒரசுது" என்பார். அந்த மில்காரனை அவள் திட்டாத திட்டில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"பொய் சொல்லாத. சனிக்கிழமை வரும்போது சட்டை மொடமொடன்னுதான இருக்கும்?"

வெள்ளத்தாய் கையிலிருந்த வேட்டியின் கரையை நீவினாள். நீவினதையே மறுபடியும் நீவினாள்.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்."

"வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு வடிக்கையில... ஒரு சட்டை, ஒரு வேட்டிக்கு மட்டும் நான் கஞ்சி போட்டு வைப்பேன். ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு அவியதான் சொல்லி—"

"எம் மனசு."

"ஆமாக்கா."

"எம் மனச ஒங்கிட்டல்லா குடுத்து வச்சிருக்காக."

கதவுக்கு அந்தப் பக்கம் வீரணன் குரல். "மதினி, வேட்டியக் குடுங்க. தலை துவட்டியாச்சு."

இருளம்மாள் விறைத்த வேட்டியை, மடிப்புக் கலையாமல், பெட்டியில் திரும்ப வைத்தாள். வெள்ளத்தாய் கையிலிருந்ததை வாங்கினாள். பிடியே இல்லாமல் வழுவழுவென்று நழுவியது. அதை உதறியதில் மடிப்பிலிருந்த வாசனைத் துணி கீழே விழ, அறை முழுக்கப் பேர் தெரியாத ஒரு பூ வாசனை. சனிக்கிழமை ராத்திரிகளில் அவர் முதுகுப் பக்கம் லேசாக வந்து, இது மில்லு சோப்பு என்று அவள் நினைத்திருந்த வாசனை.

கதவிடுக்கு வழியாக வேட்டியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"போன சனிக்கிழமை சட்டையத் தொட்டுப் பாத்து, 'வாரம் பூராவும் என் கஞ்சி அப்படியே நிக்குது பாத்தீகளா'ன்னேன். சிரிச்சாக. அதுவும் நீ போட்டதுதானாட்டி?"