ஏழு வருடத்தில் இருபத்திரண்டு வயது

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. கற்பனையிலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் 2012 மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில், விஸ்வேஸ்வரன் என்கிற மக்கள்தொகை ஆய்வாளர் சிதம்பரம் மேல வீதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையிலிருந்த ஊறுகாய் ஜாடியைத் தள்ளி வைத்துவிட்டு, கடலூர் மாவட்டத்தை விரித்தார்.

முதியவர்கள் அதிகமாக இருக்கும் இடத்துக்குக் கறுப்பு, குறைவாக இருக்கும் இடத்துக்கு மஞ்சள். நடராஜர் கோயிலைச் சுற்றி நாலு வீதியும் கருகிப்போன தோசை. அது நியாயம்தான். எங்கள் வீதியில் வீட்டுக்கு இரண்டு கிழங்களும், அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையைப் பார்க்க ஒரு கணினியும் உண்டு. கொசுவைவிட நாங்கள்தான் ஜாஸ்தி. கடற்கரையோ ஓரம் முழுக்க மஞ்சள்.

அது 2005. அடுத்து இன்னொரு படத்தை விரித்தார். அதே மாவட்டம், 2012. மஞ்சள் ஓரத்தில், கடலூருக்குத் தெற்கே, ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.

"நாட்டிலேயே வேகமா மூப்படையற குடியிருப்பு சார்" என்றார், தனக்குப் பேரன் பிறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

எனக்கு விக்கல் எடுத்தது. அந்தப் புள்ளியை வைத்தது நான்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

*கடல் அன்று அமைதியாக*

அடித்துவிட்டேன். மேல வீதிக்காரன் கடலைப் பற்றி எழுதக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே அலை, ஐப்பசி மழையில் சாக்கடை வாசற்படி ஏறுவது.

*இந்திய மக்கள்தொகை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை*

இது விஸ்வேஸ்வரனின் வாக்கியம். அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: கேரளம் முதலில் நரைத்தது, அடுத்து நாம், பீகார் இன்னும் அரை டிராயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பெறுவது குறைகிறது, பிழைக்கப் போனவன் திரும்புவதில்லை, மிச்சமிருப்பவர்கள் கிழடாகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட முக்கால் மணி நேரத்தில் நானே கொஞ்சம் மூப்படைந்துவிட்டேன்.

அந்தப் புள்ளிக்கும் அவரிடம் காரணங்கள் தயார். இளைஞர் வெளியேற்றம். கருவள வீழ்ச்சி. பேரிடருக்குப் பிந்தைய மன அழுத்தம். மூன்றையும் விரல் விட்டு எண்ணினார். நாலாவது விரல் என்னை நோக்கி நீண்டிருக்க வேண்டும். மடங்கியே இருந்தது.

3

சரி, உண்மை.

2005 பிப்ரவரி. அப்போது நான் கடலூரில் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தேன், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு ஒரு அறக்கட்டளை வீடு கட்டித் தர முன்வந்தது. பட்டியல் எடுக்க என்னை அந்தக் குப்பத்துக்கு அனுப்பினார்கள். அறக்கட்டளை ஒரு விதி வைத்திருந்தது: தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறுபது வயதுக்குள் என்றால் சொந்த வீடு. அறுபதைத் தாண்டிவிட்டால் மகன் வீட்டில் சேர்த்துக்கொள்ளப்படுவார். எந்தக் குளிர்பதன அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ, அந்த அறைக்கு மாமியார் மருமகள் யாரும் வந்ததில்லை போலும்.

வரிசையில் முதலில் நின்றவர் பூவம்மாள். மீன் கூடைக்காரம்மா, புருஷன் இறந்து பத்து வருடம், ஒரே மகன் ஜெயசீலன். விதியைப் படித்துச் சொல்லிவிட்டு வயதைக் கேட்டேன்.

"எழுவத்திரெண்டு புயலப்ப எம்மவன் ரெண்டு வயசுப் புள்ள. இடுப்புல வெச்சிக்கினு ஓடுனேன். அப்ப எனக்கு இருவத்தெட்டுன்னு எங்கம்மா சொல்லும். நீங்களே கூட்டிக்கங்க."

கூட்டினேன். அறுபத்தொன்று.

என் பேனாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எம்புள்ள நல்லவன் சார், கஞ்சி ஊத்துவான். ஆனா அவன் வூட்ல நான் கதவ சாத்த முடியாது."

*என் கண்கள் கலங்கின* (இல்லை. அடித்துவிட்டேன். எனக்கு வந்தது குஷி.)

ஐம்பத்தொன்பது என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் கொடுப்பது என்று ஆகிவிட்டால் நான் கஞ்சன் இல்லை. நாற்பத்தாறு என்று எழுதினேன். பின்னால் நின்ற இருபத்திரண்டு பெண்களுக்கும் ஆளுக்குப் பதினைந்து வயது தள்ளுபடி. ஒரே மத்தியானத்தில் ஒரு கடற்கரையையே குமரியாக்கினேன். பிரம்மாவுக்குக்கூட அந்த வேகம் கிடையாது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். பிள்ளைகளின் வயதைக் குறைக்க மறந்துபோனேன். நாற்பத்தாறு வயதுப் பூவம்மாளுக்கு முப்பத்தைந்து வயதில் மகன். மூன்று அலுவலகம், ஏழு கையெழுத்து, ஒரு கணினி எல்லாவற்றையும் தாண்டிப் போனது அந்தப் பட்டியல்.[1]

[1] ஒருவர் கண்டுபிடித்தார். விஸ்வேஸ்வரன் தன் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் "இப்பகுதியில் முன்பு நிலவிய சிறுவயதுத் தாய்மை" என்று இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். உலகத்தில் எந்தப் பொய்யையும் ஆய்வாளர் அநாதையாக விடமாட்டார்.

4

இந்த இடத்தில் ஒழுக்கசீலரான வாசகர் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஐயா, நீங்கள் சிதம்பரமா?

எங்கள் வீதியில் ஆளுக்கு இரண்டு வயது. ஒன்று ஜாதக வயது, நாழிகை சுத்தமாக. மற்றது சர்டிபிகேட் வயது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வாய்க்கு வந்தது. என் அப்பா எனக்கு ஒன்றரை வருடம் குறைத்தார். அந்த ஒன்றரை வருடமும் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கினேன். அறுபதாம் கல்யாணத்தை மட்டும் ஜாதகப்படி செய்துகொண்டேன். யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை, அட்சதைதான் போட்டார்கள். மேல வீதியில் செய்தால் சம்பிரதாயம், குப்பத்தில் செய்தால் மோசடி.

5

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' என்கிற புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இரண்டு மாதம் கழித்து வேறு ஒருவர் வேறு ஒரு பட்டியலோடு அதே குப்பத்துக்குப் போனார். இந்த முறை தனியாக இருக்கும் முதியோருக்குப் பென்சன். பெண்கள் உண்மையான வயதைச் சொன்னார்கள். பூவம்மாளுக்கு அறுபத்தெட்டு. ஏழு வருடத்தில் இருபத்திரண்டு வயது ஏறிவிட்டது. பென்சனும் வர ஆரம்பித்தது.

விஸ்வேஸ்வரன் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தார், புள்ளி கறுத்தது.

அதோடு விட்டிருந்தால் நான் சிரித்துக்கொண்டே செத்திருப்பேன். அவருடைய கட்டுரையைப் படித்து அதே அறக்கட்டளை உருகிவிட்டது. இப்படி ஒரேயடியாகக் கிழண்டுபோன இருபத்துமூன்று பெண்களுக்கு ஒரு முதியோர் இல்லம் கட்டப் போகிறார்கள். ஹாலில் இருபத்துமூன்று கட்டில். அவர்களுடைய வீடுகள் இளம் தம்பதிகளுக்குப் போகும். இரண்டு பட்டியலும் சரி என்று, முதல் பட்டியலை எடுத்தவன் என்ற முறையில், நான் கடிதம் தர வேண்டும். அதற்குத்தான் ஆய்வாளர் என் ஊறுகாயைத் தள்ளி வைத்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்தேன். இரண்டும் சரி என்றால் கட்டில். புதியது மட்டும் சரி என்றால் பழையது பொய், அறுபத்தொரு வயதில் வாங்கிய வீடு பறிபோகும். பழையது மட்டும் சரி என்றால் பூவம்மாளுக்கு இப்போது ஐம்பத்துமூன்று. வீடு தங்கும், பென்சன் நிற்கும், கூடையை மறுபடி தலையில் ஏற்ற வேண்டும்.

6

(இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன். என் பொய்களை நான் ரசித்து எழுதுவேன். இது நடந்தது, அதனால் கஷ்டம்.)

முதியோர் இல்லச் செய்தி குப்பத்துக்கும் எட்டி, மறுவாரம் பூவம்மாளே, மற்ற இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச, பஸ் பிடித்து வந்துவிட்டார். என் மனைவி சிவகாமு காபி கொடுத்தாள். அந்தம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று வழியையும் சொன்னேன். என் வழக்கத்துக்கு மாறாக எதையும் ஏற்றிச் சொல்லவில்லை.

"அம்பத்திமூணு போட்டுடுங்க" என்றார்.

"பென்சன் போயிடும்மா."

"போவட்டும். அந்த ஹாலுக்குக் கதவு எத்தினி சார்?"

"ஒண்ணு."

"அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

நான் காபியை ஆற்றினேன், ஏற்கெனவே ஆறிப்போயிருந்ததை. கூடை தூக்க முட்டி தாங்குமா என்று கேட்டேன்.

"முட்டிக்கு எத்தினி வயசுன்னு உங்க பாரத்துல கேக்கல இல்ல?"

சிவகாமு உள்ளேயிருந்து, "இவுருக்கு மட்டும் ரெண்டு வயசு இருக்கலாமாம்மா, நீங்க கேட்டா யோசிப்பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டில், என் காபியில்.

புறப்படும்போது பூவம்மாள் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊன்றினார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மூன்றாவது முறையில் எழுந்தார். ஐம்பத்துமூன்று வயதுக்காரி அப்படி எழமாட்டாள்.

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விஸ்வேஸ்வரன் மனம் திருந்தி வரைபடத்தைக் கிழிக்கிறார். (அவர் அதை லேமினேட் செய்திருக்கிறார், கிழியாது.) இன்னொன்றில் அறக்கட்டளைத் தலைவி வந்து பூவம்மாளின் காலில் *விழுந்து*. வேண்டாம். மூன்றாவதில் நான் உண்மையைச் சொல்லி நிமிர்ந்து நிற்கிறேன், வீடு போகிறது. நான் நிமிர்ந்து நிற்க அடுத்தவர் வீடு எதற்கு?

வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் வயதைக் கூட்டியும் குறைத்தும் சந்தோஷமாக இருந்தவன், இந்த ஒரு எண்ணுக்கு முன்னால் பேனாவை மூடிவிட்டேன். அந்தம்மா கேட்டதை எழுதினால் அந்த முட்டியை இனி யாரும் எண்ணமாட்டார்கள். எழுதாவிட்டால் அந்தக் கதவை.

கடிதம் இதோ, உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன்.

*பெயர்: பூவம்மாள். 2012-இல் வயது: ........*

எந்த எண்ணை வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் தபாலில் சேர்ப்பதற்கு முன் குப்பத்துக்குப் போய் அந்தம்மாவிடம் படித்துக் காட்டிவிட வேண்டும். மூன்றாவது வரிசை, நீலக் கதவு. உள்ளே தாழிட்டிருக்கும். ஒரு தடவை தட்டினால் போதும். எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும், நில்லுங்கள்.