மாதவராஜ் பக்கம் ஓடும் தண்ணீர்

பாலக்கோடு தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பெயர் காஜா. புகார் கொடுக்கிறவருக்கும் எழுதுவேன், அதை மறுக்கிறவருக்கும் எழுதுவேன். இரண்டு பேருமே கடைசியில் "நல்லா எழுதிட்டீங்க பாய்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து சசிகலா வந்தார். கணவர் இல்லை. ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு. பக்கத்து நிலத்து மாதவராஜ் தென்னந்தோப்பில் போர் போட்டு, பத்து எச்பி மோட்டாரை இறக்கி, கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் ஓட்டுகிறார், தன் கிணறு வற்றுகிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மறுவாரமே அதற்குப் பதில் எழுத மாதவராஜ் வந்தார். தன் நிலத்துத் தண்ணீர் தன்னுடையது, பக்கத்து நிலத்திலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை, நடுவில் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டிருக்கிறது என்றார். வேலி பூமிக்கு அடியிலும் போகிறதா என்று நான் கேட்கவில்லை. ஆபீஸில் இரண்டு காகிதத்தையும் ஒரே ஃபைலில் கட்டி வைத்தார்கள். கிணறு அடிமட்டத்துக்குப் போனது. சசிகலா தக்காளியைக் கால் ஏக்கராகக் குறைத்துக்கொண்டார்.

இந்த வருடம் தை மாதம் மாதவராஜ் மறுபடி வந்தார். போர் தண்ணீரில் சாணி வாடை அடிக்கிறதாம். பரிசோதனைக்குக் கொடுத்ததில் கிருமியும் இருக்கிறதாம். வேலியோரம் இருக்கும் சசிகலாவின் சாணக்குழிதான் காரணம் என்றார்.

"அந்தம்மா நெலத்துத் தண்ணிதான் பாய் எம் போருக்கு வருது. நல்லா அழுத்தி எழுதுங்க."

அழுத்தியே எழுதினேன். போன தடவை சொன்னதை ஞாபகப்படுத்த நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

நிலத்தடி நீர் பார்க்கும் பெண் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மாதவராஜ் என்னையும் இழுத்துப் போயிருந்தார். பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இழுக்க இழுக்கப் போரைச் சுற்றித் தண்ணீர் மட்டம் குழிந்துகொண்டே போகும், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தைப் பார்த்து நகரும் என்று அதிகாரி விளக்கினார். மாவுக் குவியலை நடுவில் தோண்டினால் ஓரத்து மாவு சரிகிறதல்லவா, அப்படி. அதிக நேரம் இழுத்தால் அதிக தூரத்திலிருந்து வரும். வருகிற வழியில் சாணக்குழி இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.

மாதவராஜ், தான் சொன்னதும் அதேதான் என்று பெருமையாகத் தலையாட்டினார். தானும் இரண்டு வருடமாக அதைத்தான் சொல்வதாகச் சசிகலா மெதுவாகச் சொன்னார். அது மாதவராஜ் காதில் விழவில்லை.

பத்து நாள் மோட்டாரை நிறுத்திப் பார்க்கச் சொன்னார் அதிகாரி. பத்தாம் நாள் போனோம். போரில் வாடை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சசிகலாவின் கிணற்றில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அவர் தக்காளிச் செடிகள் பூத்துப் பிஞ்சு விட்டிருந்தன. இன்னும் ஒரு மாதம் தண்ணீர் கிடைத்தால் பறிப்புக்கு வந்துவிடும், இல்லையென்றால் மாட்டை விற்றுவிட்டு ஓசூர் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் கிணற்றைப் பார்த்தபோது எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதிகாரி வழி சொன்னார். சசிகலா சாணக்குழியை நிலத்தின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். மாதவராஜ் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் மோட்டார் ஓட்ட வேண்டும். தென்னைக்கு அது தாராளம். கட்டாயப்படுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, சம்மதித்தால் இருவருக்கும் நல்லது என்றார். குழியை நாளைக்கே மாற்றிவிடுவதாகச் சசிகலா உடனே ஒப்புக்கொண்டார்.

மாதவராஜ் வெகுநேரம் யோசித்தார்.

"மூணு மணி நேரம் போவ, மிச்சத் தண்ணி எங்கங்க போவும்?"

"அவங்க கெணத்துல நிக்கும்."

"அப்ப வேணாங்க. எனக்கு அந்த வாசம் பழகிப் போச்சு."

வீட்டுக்குப் போன கையோடு மோட்டாரைப் போட்டார். மறுநாள் மனுவை வாபஸ் வாங்க என் மேசைக்கு வந்தபோது அவர் வண்டியில் இரண்டு கேன் குடிதண்ணீர் இருந்தது. காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன். குறை தீர்ந்தது என்று போடச் சொன்னார். வெட்கம் கெட்ட கை, அதையும் எழுதியது.

பங்குனியில் சசிகலா வந்தார். ஓசூர் கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமாம். ஒரே வாரத்தில் கிணறு சேறாகி, தக்காளி பிஞ்சோடு கருகிவிட்டது. மாடுகளையும் விற்றாகிவிட்டது. எழுதி முடித்து, கையெழுத்துக்குக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு, வேறு யார் வீட்டுச் செய்தியையோ சொல்வதுபோல் சொன்னார்:

"மாடு போனதுல எங்க குழி காஞ்சி கெடக்குது பாய். அவரு தண்ணி இப்ப நல்லாயிடுச்சாம். கேன் வாங்கறத நிறுத்திட்டாராம்."