நான்கில் மூன்றாம் பக்கம்

தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒஹாயோவில் எங்கள் ஊர் அளவுள்ள ஊருக்கு இந்த ஒரு கவுண்டரே அதிகம். யாருக்கு எங்கிருந்து தபால் வருகிறது என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. ஆனால் கடன் வசூல் கம்பெனிக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. உறையில் கம்பெனிப் பெயர் இருக்காது. ஏதோ கேள்விப்படாத ஊரின் பெட்டி எண் மட்டும் இருக்கும்.

வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை வாசலில் உள்ள குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். கூடையைக் கொட்டுகிறவள் நான்தான் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கடிதம் வந்து முப்பது நாளுக்குள், "இந்தக் கடனை மறுக்கிறேன், ஆதாரம் காட்டு" என்று எழுதி சர்டிஃபைடு தபாலில் போட்டால் போதும். காட்டுகிற வரைக்கும் அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம். கடிதம் சேர்ந்ததற்குச் சாட்சியாக ஒரு பச்சை அட்டை கையெழுத்தோடு நமக்குத் திரும்பி வரும். என் முன்னாள் புருஷன் வாங்கி ஏரியில் மூழ்கடித்த படகுக்கு என்னிடம் பணம் கேட்டபோது இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து ஊருக்கே அரை வக்கீல் நான்தான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்வின் ஷ்லாபாக் வந்தான். மாட்டுப் பண்ணைக்காரன், மென்னோனைட் சபை, சண்டை வழக்கு எதற்கும் போகாத கிறிஸ்தவர்கள். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து எனக்கு அவனைத் தெரியும்.

"டோரிஸ், அந்தப் பச்சை அட்டைத் தபாலுக்கு எவ்வளவு ஆகும்?"

"பத்து டாலர்கிட்ட வரும். யார் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லாம போச்சு?"

அவன் சிரிக்கவில்லை. தனக்கு வந்த கடிதத்தை கவுண்டரில் வைத்தான். ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு டாலர், ஆஸ்பத்திரி பாக்கி.

"இது ஏஸாவோடது," என்றான்.

ஏஸா ஐந்து வருஷத்துக்கு முன்னால் எல்வினுக்கும் அவன் மனைவி வெல்டாவுக்கும் பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தை. பிறந்த ஒரு மணி நேரத்தில் அவனை ஹெலிகாப்டரில் பெரிய ஊருக்குக் கொண்டுபோனார்கள். வெல்டாவுக்கு வயிற்றைக் கிழித்துத் தையல் போட்டிருந்தது, ரத்தமும் நிற்கவில்லை. அவளை இங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். எல்வின்தான் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். குழந்தை இரண்டு நாள் இருந்தது. வெல்டா அவனை உயிரோடு பார்க்கவே இல்லை. பிறகு சபையில் பணம் திரட்டி, மூப்பர் ஒருவர் நேரில் போய் ஆஸ்பத்திரியோடு பேசி, இவ்வளவு கட்டுகிறோம், மீதியை விட்டுவிடுங்கள் என்று முடித்துவிட்டு வந்தார். விட்டுவிட்டதாகச் சொன்ன அந்த மீதியை யாரோ ஏதோ வசூல் கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள்.

"கட்டி முடிச்ச கணக்குதானே? மறுக்கிறேன்னு ஒரு வரி எழுதிப் போடு."

அவன் தன் பதில் கடிதத்தை நீட்டினான். "அன்புள்ள நண்பர்களே" என்று ஆரம்பித்திருந்தது.

"நண்பர்களேவா? கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கேக்கா அனுப்பினானுங்க?"

"சண்டை வேண்டாம்னு பாத்தேன்."

முழுதும் படித்தேன். உங்களோடு எங்களுக்கு வழக்கில்லை, ஏதோ தவறு நடந்திருக்கலாம், முடிந்தால் விவரம் அனுப்புங்கள். மறுக்கிறேன் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"இதை அனுப்பறதும் ஒண்ணுதான், அனுப்பாததும் ஒண்ணுதான். அந்த வார்த்தை இல்லேன்னா கடனை ஒத்துக்கிட்டேன்னு வச்சுக்குவாங்க. எழுத உனக்கென்ன கஷ்டம்?"

எல்வின் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "வெல்டா வேண்டாங்கறா. இந்த அஞ்சு வருஷத்துல அவன் பேரைச் சொல்லி ஒருத்தரும் எங்களை எதுவும் கேட்டதில்ல. கேட்டது இவங்கதான். அதைப் போய் மறுக்கறோம்னு எழுதினா அவனையே மறுத்த மாதிரி இருக்குங்கறா."

மீதி நாட்களை எண்ணிச் சொன்னேன், இன்னும் பதினோரு நாள் இருக்கிறது என்று. அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் திரும்ப வந்தான். இந்த முறை வெல்டாவின் கையெழுத்து. மொத்தமே மூன்று வரி. "நீங்கள் கேட்கும் தொகையை மறுக்கிறோம். எங்கள் மகனை மறுக்கவில்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள்." எந்த வக்கீலும் இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க மாட்டான். லேபிளை ஒட்டி, பச்சை அட்டையைப் பின்னால் வைத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் அட்டை திரும்பி வந்தது, கோழி கிளறியது போல ஒரு கையெழுத்தோடு.

அடுத்த மாதம் அந்தப் பெட்டி எண்ணிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நானே ஆபீஸில் உள்ள ஷ்லாபாக் பெட்டியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து வெல்டா கவுண்டருக்கு வந்தாள். பொதுவாக அவள் வருவதில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள், எல்வின்தான் இறங்கி வருவான். அன்றைக்கு அவன் வண்டியில் இருந்தான்.

உறையிலிருந்ததை வரிசையாகப் பரப்பினாள். மேலே கம்பெனியின் கடிதம். கீழே இருந்த ஆஸ்பத்திரிக் கணக்கின் கடைசித் தாளிலேயே மூப்பர் கொடுத்த காசோலையும் தள்ளுபடியும் பதிவாகியிருந்தது. கடிதத்தில், கணக்கு மூடப்பட்டது, இனி தொடர்பு கொள்ள மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

"அடி சக்கை! ஜெயிச்சுட்டீங்க வெல்டா!"

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. அடுத்த தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். "இதைப் படிங்க."

ஆஸ்பத்திரியின் விவரப் பட்டியல், மணி வாரியாக. ஆக்சிஜன். ரத்தப் பரிசோதனை. அவள் விரல் இருந்த இடத்தில், காலை 4.10, பின்னல் தொப்பி, சிறியது, ஒன்று.

"அவனுக்குத் தொப்பி போட்டிருக்காங்க டோரிஸ். எனக்குத் தெரியவே தெரியாது." அதற்குக் கீழே காட்டினாள். "ஏழரைக்குப் பால் குடுத்திருக்காங்க. ரெண்டு மில்லி. திரும்பப் பத்து மணிக்கு ரெண்டு மில்லி. குடிச்சிருக்கான்."

"எல்வின் சொல்லலையா?"

"கண்ணாடிக்கு வெளியே நின்னேன், வேற ஒண்ணும் ஞாபகமில்லைங்கறார். அவரை நான் குத்தம் சொல்லல." தாள்களின் கீழ் ஓரத்தைக் காட்டினாள். நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு, நான்கில் நான்கு. "மூணாவது இல்ல. ரெண்டாம் நாள் முழுக்க அதுலதான் இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளேன்."

"போன் பண்ணேன். ஆஸ்பத்திரியே கைமாறிடுச்சாம், பழைய கணக்கெல்லாம் வித்தாச்சாம். இவங்ககிட்டதான் இருக்கு."

"இவங்க கணக்கையே மூடிட்டாங்களே. இனிமே உனக்குக் காட்டணும்னு கட்டாயமில்ல."

"தெரியும். அதான் இப்படி எழுதியிருக்கேன்." மூடாத உறை ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

படிக்கக் கூடாது, படித்தேன். கடன் எங்களுடையதுதான், ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு டாலரையும் கட்டிவிடுகிறோம், மூன்றாம் பக்கத்தை அனுப்புங்கள். கீழே இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன பைத்தியமா? செத்த கடனை நீயே தட்டி எழுப்பறே. பணத்தை வாங்கிப் போட்டுட்டு ஒரு துண்டுக் காகிதம்கூட அனுப்ப மாட்டானுங்க."

"அனுப்பலாம், இல்லையா?"

"எல்வின் எப்படி இதுக்குச் சம்மதிச்சான்?"

"நாலு கிடாரியை வித்துடலாம்னு சொன்னதே அவர்தான்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்வின் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

தபால்காரிக்கு ஒரு கடிதத்தைத் தடுக்க அதிகாரம் கிடையாது. உறையை ஒட்டி, எடை போட்டு, எண் லேபிளைப் பதித்தேன். பச்சை அட்டையில் அவள் தன் முகவரியை அச்செழுத்தில் நிதானமாக எழுதினாள். முத்திரையைக் குத்தினேன்.

"பதில் எப்ப வரும்?"

"போகவே நாலு நாள் ஆகும். அப்புறம் அவங்க இஷ்டம்."

"நாளைக்கு வந்து பாக்கறேன்."

"நாளைக்கு எப்படி வரும் வெல்டா?"

"வராதுன்னு தெரியும்," என்றாள். "இருந்தாலும் வரேன்."

மறுநாள் எட்டரைக்கு நான் கதவைத் திறந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.