மூன்று ரீஸ்டார்ட்

ஊரிலுள்ள லிப்டையெல்லாம் மேலும் கீழும் ஓடவைக்கிற மெக்கானிக், தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் காலையிலிருந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். புதிதாக லினக்ஸ் சிஸ்டம் ஏற்றியாகிவிட்டது. மேசைத் திரையில் கன்னங்கரேலென்ற கறுப்பும் ஒரு மவுஸ் அம்பும் தவிர எதுவும் இல்லை.

வீம்புக்கு இறங்கிய வேலையல்ல. மாமனாருக்காக. டாக்டரையே பேசவிடாத வாய் அது. பக்கவாதம் வந்து ஏழு மாதமாக ஒரு சொல் இல்லை. வலது கட்டைவிரல் மட்டும் அசைகிறது. எழுத்துப் பலகை என்றொரு மென்பொருளை ஆஸ்பத்திரியில் அவருக்குக் காட்டி, பொத்தானை அமுக்க மட்டும் பழக்கி அனுப்பியிருந்தார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது பொத்தானை அமுக்கினால் அது வரியில் போய் உட்காரும். வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய சிஸ்டத்தில் அது ஓடவில்லை. அதனால்தான் இத்தனை பாடு. அடுத்த அறையில் அவர் கட்டிலுக்கு எதிரே உள்ள டிவிக்குக் கேபிளும், அவர் விரலடியில் பொத்தானும் முதல் வேலையாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. மெஷின் திறந்ததும் பலகை தானாக வரவேண்டும். வரத்தான் இல்லை.

திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினான், ரீஸ்டார்ட். கறுப்பு. எழுத்து மட்டும் வரும் முகப்புக்குப் போய்ச் சில வரிகளைத் திருத்தினான், மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி கறுப்பு.

ஆபீசிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, வந்துச்சா?"

"வரும் வரும்."

"அப்பா என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு, படுத்திருக்காரு."

மூன்றாவது ரீஸ்டார்ட்டும் கைவிரித்தது. அரைமணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு ஆகாது என்று மாமனாரிடம் சொல்லிவிடலாமென எழுந்துபோய், சாத்தியிருந்த கதவைத் தள்ளினான்.

டிவி எரிந்துகொண்டிருந்தது. அதில் பலகை, பளிச்சென்று. புது சிஸ்டம் டிவியையே முதல் திரையாக எடுத்துக்கொண்டு, அவன் மேசையில் இருந்ததை வெறும் கூடுதல் திரையாக விட்டிருந்தது. எல்லாம் முதல் தடவையே சரியாகத்தான் வந்திருக்கிறது. ஒரு எட்டு வந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மெஷினை அணைத்தாலும் எழுதியதைப் பலகை அழிப்பதில்லை. அறுந்துபோன வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

மாப்
மாப்பிள்ளை இ
அணைக்காதீ

ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் வாய் திறக்க, மூன்று முறையும் தானே அதை அடைத்திருக்கிறோம் என்று உறைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதையும் மீறி, அசையாத அந்த உடம்புக்குள் ஆள் அப்படியே இருக்கிறார் என்ற பிரமிப்பு அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நான்காவது வரி இன்னும் முடியவில்லை.

மாப்பிள்ளை இங்க தெரியு

அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் காத்திருந்தது. ஒளி எழுத்தெழுத்தாக நகர்ந்து வந்தது. விரல் அமுங்கியது. 'து' வந்து உட்கார்ந்தது.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பார்த்துட்டேன் மாமா," என்றான். "இனிமே அணைக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."