செவ்வாய்க்கிழமை டோக்கன்

முடிச்சூர் நாகலக்ஷ்மி இறந்து பதினோராம் நாள், குடும்ப அட்டையிலிருந்து தன் பெயரை நீக்குவதற்கான ஓ.டி.பி.யைச் சொல்ல, தாம்பரத்தில் உள்ள குடும்பப் பதிவேட்டுக் கணினிப் பிரிவுக்கு நேரில் வந்தார். முந்தின நாள் அவர் மகன் பாலு வந்திருந்தான். ஓ.டி.பி. பெயர் நீக்கப்படுபவரின் கைப்பேசிக்குத்தான் போகும், அவர் சொன்னால்தான் நீக்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் வீட்டுக்குப் போய், மாலை போட்ட படத்திடம் அதை அப்படியே சொன்னான்.

"செத்தும் க்யூவா சார்? இன்னா பேஜாரு இது," என்றார் நாகலக்ஷ்மி. ஆறு எண்களைச் சொன்னார். பெயர் நீங்கியது. ஒப்புகைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மினி பஸ் ஏறினார்.

அந்தப் படிவத்தைச் செய்தவன் ஆபேல். பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு டிஜிட்டல் பயிற்சித் திட்டத்துக்கு, பன்னிரண்டாயிரம் பேர் எழுதிய தேர்வில் எடுக்கப்பட்ட நாற்பது பேரில் ஒருவன். முதல் மாதம் குடிமக்களின் தேவைகளை வண்ணத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மூன்றாம் மாதம் பெயர் நீக்கும் படிவத்தைக் கொடுத்தார்கள். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து வாரம். பெயர் நீக்கம் என்றால், பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுப்பது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அவள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று ஓ.டி.பி. வைத்தான். அஸ்தினாபுரத்து மாமனார் வீட்டு அட்டையிலிருந்து மனைவி ஜெரூஷாவின் பெயரை எடுத்து, தன் அட்டையில் சேர்த்துச் சோதித்துப் பார்த்தான்.

"செத்தவங்களுக்கு ஆப்ஷன் எங்க?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்த வெர்ஷன்ல."

படிவம் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வருவதற்குள் ஜெரூஷா டெங்குவில் இறந்துவிட்டாள். அடுத்த வெர்ஷன் வரவில்லை.

நாகலக்ஷ்மிக்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கண்காணிப்பாளர் ஜெயகிருஷ்ணன், இறந்தவர்கள் வரக்கூடாது என்று ஜி.ஓ. இருக்கிறதா என்று மூன்று நாள் தேடினார். இல்லை. செவ்வாய்க்கிழமையை அவர்களுக்கு ஒதுக்கினார். வெள்ளத்தில் போனவர்கள் ஈரம் சொட்ட வந்ததால், தரை துடைப்பான் வாங்க டெண்டர் விடப்பட்டது. நேரில் வந்துவிட்ட காரணத்தால் இரண்டு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழும் கேட்டார்கள்; வழங்கப்பட்டது. அந்த ஆண்டு பிரிவுக்கு, நேரடி மக்கள் பங்கேற்புக்கான கேடயம் கிடைத்தது.

இரண்டாண்டு முடியும் சமயம் ஜெயகிருஷ்ணன் ஆபேலைக் கூப்பிட்டார். நிரந்தரம் ஆக, நிலுவையில் உள்ள ஒரு திருத்தத்தை முடித்திருக்க வேண்டும் என்பது விதி.

"மரணம்னு ஒரு காரணத்தைச் சேர்த்துடு தம்பி. அரை மணி நேர வேலை. இவங்க யாரும் வர வேணாம். உனக்கு ஆர்டர் வந்துடும்."

ஆபேல் சரி என்றான். அன்று மாலை, ஒரு வருடமாகச் செய்யாததைச் செய்தான். தன் அட்டையிலிருந்து ஜெரூஷாவின் பெயரை நீக்க விண்ணப்பித்தான்.

செவ்வாயன்று அவள் பதினேழாம் டோக்கனோடு வந்தாள். அவளுடைய கைப்பேசி அவன் அலமாரியில் இருந்தது. அவள் கையிலும் இருந்தது.

"நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு, சைபர், ரெண்டு."

அவன் கடைசி எண்ணை மூன்று என்று அடித்தான்.

"கடைசி ரெண்டு, ஆபேல்."

"தெரியும்."

"வேணும்னே தப்பா போடறியா?"

"மூணு வாட்டி தப்பானா முப்பது நாள் லாக் ஆயிடும். அப்புறம் நீ திரும்ப வரணும்."

"எவன் வெச்ச ரூல்?"

"நான்தான்."

அவள் சிரித்தாள். "ஷேவ் பண்ணு. கவர்மென்ட் ஸ்டாஃப் மாதிரியா இருக்க?"

"ட்ரெய்னிதானே."

"சீக்கிரம்பா," என்றார் பதினெட்டாம் டோக்கன். "மினி பஸ்ஸு பூடும்."

ஆபேல் இன்னும் இரண்டு முறை மூன்று என்று அடித்தான்.

திருத்தம் செய்யப்படவில்லை. ஆர்டர் வரவில்லை. பயிற்சி ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. இப்போது நடப்பது ஆறாவது நீட்டிப்பு. அவனோடு சேர்ந்தவர்கள் இப்போது புதிய பயிற்சியாளர்களுக்கு வண்ணத் தாள் ஒட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவன் செவ்வாய்க்கிழமைகளில் ஷேவ் செய்துகொண்டு வருகிறான். அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

ஜெயகிருஷ்ணன் ஓய்வு பெற்றார், இறந்தார், போன மாதம் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னுமா தம்பி அந்த அரை மணி நேர வேலைய முடிக்கல?"

"அடுத்த வெர்ஷன்ல சார்."

அவர் தலையாட்டிவிட்டு, ஜெரூஷாவுக்குப் பின்னால் போய் நின்றார்.