யாரும் ஏறாத பஸ்

இருபத்தெட்டு வருஷம் சிவாஜிநகரிலிருந்து பெங்களூரின் நாலு திசைக்கும் மாநகர பஸ் ஓட்டியவர் அப்பாதுரை. அத்தனை வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சில்லறைச் சண்டை, குழந்தை அழுகை, கண்டக்டரின் விசில், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று முன்னால் நகரச் சொல்லும் கன்னடக் கூப்பாடு. தலைவலி என்றுதான் அப்போது நினைத்தார். ஓய்வு பெற்ற மறுவருஷம், மகள் ஷில்பாவின் பிரசவத்துக்காக மனைவி ஜானகி மெல்போர்னுக்குப் போனாள். அதன் பிறகு காக்ஸ் டவுன் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. பால் பாக்கெட் வாங்கும்போது தொண்டை கரகரக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் முகேஷ் போன் செய்தான். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர் அவன்.

"அண்ணா, ஒரு பஸ் நேபாளத்துக்குப் போகணும். பார்டர் வரைக்கும் வுட்டுட்டு வந்துடுவோம் எப்பவும். இந்த ஓனரு மேற்கு மூலைல, மகேந்திரநகர்ல கீறாரு. அவரோட டிரைவருக்குக் கால் ஒடைஞ்சுபோச்சாம். பேப்பர் எல்லாம் பீர்கஞ்ச்ல ஆகணும். அங்கேர்ந்து நேபாளத்துக்கு உள்ளயே ஓட்டிப்போயி டெலிவரி குடுக்கணும். போறீங்களா?"

"எவ்ளோ தூரம்?"

"உள்ள மட்டும் எழுநூறு கிலோமீட்டர். ஒத்தை ஆளா போகணும். வழில ஒருத்தரையும் ஏத்தக் கூடாதுண்ணா. சீட் கவர் கிழியாம அப்படியே குடுக்கணும்."

அன்றைக்கு ஜானகியிடம் போனில் சொன்னபோது அவள் அதட்டினாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? சக்கரை மாத்திரையப் போட்டுக்கினு வீட்ல இருங்க."

"வீட்ல இருந்தாதான் சக்கரை ஏறுது" என்றார் அப்பாதுரை.

பீகாரில் இருக்கும் ரக்சௌல் எல்லை வரை ஐந்து நாள். வழியெல்லாம் போன் வேலை செய்தது. ஜானகி காலையிலும் சாயங்காலமும் கூப்பிட்டாள். பீர்கஞ்ச் சுங்கத்தில் இரண்டு நாள் காத்துக் கிடந்து, பஸ் கேட்டைத் தாண்டியதும் போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உள்ளூர் சிம் வாங்கலாம் என்று தேடினால் அன்று சனிக்கிழமை; அந்த நாட்டில் அதுதான் விடுமுறை, கடைகள் பூட்டிக் கிடந்தன. சரி, மூன்று நாள்தானே என்று கிளம்பிவிட்டார்.

புது பஸ். முப்பத்தாறு இருக்கை, எல்லாவற்றுக்கும் பாலித்தீன் உறை. சால் மரக் காட்டுக்குள் சாலை நேராகப் போகப் போக, ஜன்னல் காற்றில் அந்த உறைகள் சரசரத்தன. ஆரம்பத்தில் யாரோ பின்னால் எழுந்து நடப்பதுபோல இருந்தது. பழக்கதோஷத்தில் கண் மேலே இருந்த கண்ணாடிக்குப் போகும். காலி இருக்கைகள் வரிசையாகப் பளபளக்கும். மறுபடி சாலையைப் பார்ப்பார். ஹெடௌடா மலை வளைவில் எதிரே லாரி வந்து வழிவிட்டபோது, "போடா மகராசா" என்று வாய்விட்டுச் சொன்னார். பஸ் முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது.

அதைவிடக் கஷ்டம், ஓரத்தில் நிற்கும் ஜனம். பஸ் என்று பார்த்ததும் கை காட்டினார்கள். மூட்டையும் முடிச்சுமாக ஓடி வந்தார்கள். ஒவ்வொரு கைக்கும் அவர் வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது. எழுந்த காலை மறுபடி அழுத்தித் தாண்டிப் போனார். நிற்காமல் போகிற டிரைவரை ஜனம் எப்படித் திட்டும் என்று அவருக்குத் தெரியாதா?

இரண்டாம் நாள் நாராயண்காட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அங்கே சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முழங்கால் ஆழச் சேறு. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போனால் அதிகம். மலையடிவாரத்தில் ஒரு திருப்பத்தில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஒரே தார்ப்பாயை எல்லோரும் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. ஒரு தாயும், பதினாறு வயது மதிக்கத்தக்க மகளும் முழுக்க நனைந்திருந்தார்கள். அவர்கள் கை காட்டக்கூட இல்லை.

முகேஷ் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் பிரேக்கை மிதித்துவிட்டார். இரக்கமா என்றால், இரக்கம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. பின்னால் நாலு பேர் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டு வந்தால் போதும் என்று இருந்தது. புரியாத பாஷையானாலும் பரவாயில்லை.

கதவைத் திறந்து, தனக்குத் தெரிந்த சிவாஜிநகர் இந்தியில் கூப்பிட்டார். "ஆவ், ஆவ். பைட்டோ. பைசா நக்கோ!"

வேண்டாம் என்கிற அந்த "நக்கோ" அவர்களுக்குப் புரியவில்லை. "பைசா" புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதுரை இறங்கி வந்து, கையை ஆட்டி, காசு வேண்டாம், சும்மா ஏறுங்கள் என்று சைகை செய்தார். சிரித்தும் காட்டினார். அந்தத் தாய் மகளைச் சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குழந்தைக்காரி பின்னால் நகர்ந்து சேற்றில் கால் வைத்தாள். யாரும் ஏறவில்லை. மழையில் அவரும் நனைந்துகொண்டு நின்றார். பிறகு ஏறிக் கதவை மூடிக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியில் பார்த்தபோது, அந்தத் தாய் போனைக் காதில் வைத்திருந்தாள்.

இருபது கிலோமீட்டர் தாண்டி போலீஸ் தடுப்பு. நாலு பேர் பஸ்ஸுக்குள் ஏறி, இருக்கைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். சாவியையும் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு, அவரைப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அவர் சொன்ன இந்தி அவர்களுக்குப் பாதிதான் எட்டியது. அவர்கள் பேசியது அவருக்கு அதுவும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். நல்ல இந்தி பேசினாள். மகேந்திரநகர் ஓனருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, அவரெதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள்?"

"இருபத்தெட்டு வருஷம். சிட்டி பஸ். ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாதும்மா" என்றார். அந்த வயதில் ஒரு போலீஸ் கொட்டகையில் உட்கார்ந்து தன் யோக்கியதையைத் தானே சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்கள் கெட்டவர் என்று அவர்கள் சொல்லவில்லை" என்றாள் அவள். "வண்டியில் நம்பர் பிளேட் இல்லை. உள்ளே ஒரு ஆள் இல்லை. வெளியூர்க்காரர், சும்மா ஏறு என்கிறார். இந்தச் சாலையில் பெண்களை விற்பதற்கு அப்படித்தான் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். பார்த்தால் எங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்னது நான்தான்."

சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு டம்ளர் டீயும் வந்தது. அவள் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதன் பிறகு அவர் ஓரத்தில் நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சாப்பாட்டுக் கடையில் விரலால் காட்டிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கர்னாலி ஆற்றுப் பாலம் வந்தது. ஒரே ஒரு கோபுரம். அதிலிருந்து கம்பிகள் இறங்கி அத்தனை பெரிய பாலத்தையும் தூக்கிப் பிடித்திருந்தன. கீழே ஆறு மலையைப் பிளந்துகொண்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். இதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தார். அனுப்ப வழி இல்லை. இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு ஏறினார்.

நாலாம் நாள் காலை மகேந்திரநகரில் ஓனர் குடும்பமே வாசலில் காத்திருந்தது. பஸ்ஸுக்கு மாலை, அவர் நெற்றியில் அரிசியும் குங்குமமும். பிள்ளைகள் உள்ளே பாய்ந்து பாலித்தீன் உறைகளை ஐந்தே நிமிஷத்தில் கிழித்து எறிந்தார்கள். ஓனர் போலீஸ் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பாதுரையும் கூடச் சிரித்து வைத்தார். பருப்பும் சோறும் போட்டு, ஸ்கூட்டரில் எல்லைவரை கொண்டுவந்து விட்டார்கள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகாகாளி அணையின் மேல் நடந்தார். இந்தியக் கரையான பன்பாசா பக்கம் பாதி வந்திருப்பார், சட்டைப் பையில் போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. ஜானகியிடமிருந்து இருபத்திமூன்று மிஸ்டு கால். கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கங்க போனீங்க? நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"டவர் இல்ல ஜானகி. வண்டி குடுத்துட்டேன்."

வழக்கமாக அதோடு சரி. இருபத்தெட்டு வருஷம் வேலைக்குப் போய் வந்தும், இன்றைக்கு இப்படி நடந்தது என்று ஒரு நாள் அவளிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. வந்தார், சாப்பிட்டார், படுத்தார். இப்போது அணைச் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். காலி இருக்கைகளை, கை காட்டியவர்களை, மழையில் நின்ற ஐந்து பேரை, கொட்டகையில் உட்கார வைத்ததை. ஜானகி குறுக்கே பேசவில்லை. பின்னால் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று முடித்தார்.

அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நான் அங்க நின்னிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேங்க" என்றாள் ஜானகி. "ஷில்பா காலேஜ் போறப்ப நீங்க என்ன சொல்லி அனுப்புவீங்க? ஆள் இல்லாத பஸ்ல ஏறாத, டிரைவர் எனக்குத் தெரிஞ்சவனா இருந்தாலும் ஏறாதன்னு சொல்லல?"

சொன்னார்தான். ஒரு நாள்கூடத் தவறாமல் சொன்னார்.

"ஆமா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா நனைஞ்சீங்களா?"

"ம்."

"தலைய தொவட்டினீங்களா இல்லியா?"

"இல்ல."

"தெரியும்" என்றாள். "சரி, அப்புறம்? அந்தப் போலீஸ்காரி வுட்டப்புறம் என்ன ஆச்சு? சொல்லுங்க, குழந்தை தூங்கிடுச்சு."

அப்பாதுரை பையைக் கீழே வைத்துவிட்டு, கர்னாலி பாலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.