மாற்றிக் கட்டிய தலைப்பாகை

பலோதி ஊர் உப்பு வியாபாரி வீட்டு மூத்த பிள்ளை ஜேட்மலின் தலையிலிருந்து தலைப்பாகை இருபத்தாறு வருஷம் இறங்கவில்லை. அந்தக் காலத்துக்குள் உப்பு விலை நான்கு முறை ஏறி மூன்று முறை இறங்கியது. தலைப்பாகை அவனுடையதுகூட அல்ல. பச்சையும் மஞ்சளுமாக அலை ஓடிய, மழைக்காலத்துக்கென்றே சாயம் தோய்த்த பதினெட்டு முழம், ஜவுளிக்கடை முல்தான்மலுடையது. முல்தான்மலுக்கு தாபு என்றொரு தங்கை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'போதும்' என்ற பொருளில் வைத்த பெயர். ஜேட்மலுக்கோ அவளைப் பார்க்கப் போதவில்லை. அந்த வீட்டில் வெளியாள் முன்கூடத்தைத் தாண்ட முடியாது, சகோதரனென்றால் அடுப்படி வரை போகலாம். எந்த பேரத்திலும் பக்கக் கதவு தேடுகிற ஜேட்மல் ஒரு கணக்குப் போட்டான். பாதோ மாதத்து ராம்தேவ் திருவிழாவில், சன்னதி முன்னால், முல்தான்மலோடு தலைப்பாகை மாற்றிக்கொண்டான். தலைப்பாகை மாற்றியவர்கள் உடன்பிறந்தவர்கள். அண்ணன் உடன்பிறந்தவனாகிவிட்டால் தங்கையும் உடன்பிறந்தவள்தானே என்பது மார்வாட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். காதலில் இருந்த இருபத்து மூன்று வயதுக்காரனுக்குத் தெரியவில்லை.

திருவிழாவிலிருந்து திரும்பியதும் முல்தான்மல் அவனைக் கையோடு அடுப்படிக்கே அழைத்துப் போனான். ராக்கி முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. கடையில் மிஞ்சிய கயிறு ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வைத்திருந்தாள் தாபு. அண்ணன் வெளியே போகும்வரை பொறுத்தாள்.

"கையை நீட்டுங்க, அண்ணா."

"தாபு, நான் வந்தது அதுக்கில்ல."

"தெரியும். மாடியில ஒரே வடகத்த மூணு தடவ திருப்பிப் போட வந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? வாசல் வழியா வந்து பொண்ணு கேட்டிருந்தா எங்கப்பா கொடுத்திருப்பாரு. நீங்க எங்கண்ணன் தலை வழியா வந்துட்டீங்க."

முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். அவன் தலையிலும் எதுவோ இறுகியது. இரவு தூங்கப் போகும்போது தலைப்பாகை கழலவில்லை. மறுநாள் காலை நாவிதர் சோகாராம் வந்து முனையைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினார். நண்பகலுக்கு முற்றம் நிறைந்தது, பொழுது சாய்வதற்குள் துணி சந்தில் இறங்கி ஒட்டகத் தொட்டி வரை போய்விட்டது, தலையில் இருந்தது மட்டும் இருந்தபடியே இருந்தது. முல்தான்மல் வந்து அளந்து பார்த்து, இரண்டாயிரத்து நூற்று நாற்பது முழம் என்று சொல்லி, தலையோரம் வெட்டிச் சுருட்டிக் கடைக்கு எடுத்துப்போனான். சாயம் போகாத சரக்கு என்று நாகோர் வரை அதற்குப் பெயர். ஜேட்மலின் பழைய ரோஜா நிறத் தலைப்பாகை முல்தான்மல் தலையிலிருந்து தினமும் சாதுவாக இறங்கி ஆணியில் தொங்கியது. அவன் மனசில் ஒன்றும் வைத்துக் கட்டவில்லை, அதனால்தான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

மூன்று இடத்தில் ஜேட்மலுக்குப் பெண் பார்த்தார்கள். காவித் தலைப்பாகை கட்டாத மாப்பிள்ளையைக் குதிரை ஏற்றுவது எப்படி? மூன்றும் நின்றது. அப்பா இறந்த பன்னிரண்டாம் நாள், பெரியவர்கள் கூடி மூத்த பிள்ளைக்கு வெள்ளைத் தலைப்பாகை கட்ட வந்தார்கள். மழைக்காலப் பச்சையின் மேல் அது மூன்று முறை வழுக்கி விழுந்தது. நான்காம் முறை தம்பி தலையில் நின்றது. கடைச் சாவியும் அங்கேயே போனது. அன்றுமுதல் ஜேட்மல் தம்பியின் கடையில் மூட்டை எண்ணினான். ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும் கொண்டாட்டத்துக்கு வந்தவனைப்போலப் பளிச்சென்று இருந்ததால் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். சித்திரை வெயிலில் உள்ளே தலை வேகும். சொறிய ஒரு விரல்கூட நுழையாது.

தாபுவை நாகோரில் கொடுத்தார்கள். அக்கினிக்கு முன்னால் மணப்பெண் கையில் பொரி போட வேண்டியவன் சகோதரன். முல்தான்மல் ஒரு பிடி போட்டான், ஜேட்மல் ஒரு பிடி போட்டான். ஒரு பொரியும் சிந்தவில்லை. பிறகு ஒவ்வொரு ராக்கிக்கும் ரயிலேறிப் போய், கயிறு கட்டிக்கொண்டு, அவள் கையால் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினான். வருஷத்தில் ஒரு வேளை. மற்ற நாளெல்லாம் மூட்டை.

தாபுவின் மகளுக்குக் கல்யாணம் வைத்த வருஷம் பனிக்காலத்தில் முல்தான்மல் காய்ச்சலில் இறந்துபோனான். தாய்மாமன் வரிசைக்கு மிஞ்சியது ஜேட்மல் ஒருவன். சிவப்புச் சுங்குடியும் வெல்லமும் தட்டுகளில் ஏந்திப் போய் நாகோர் வீட்டு வாசலில் நின்றான். மேளம் காத்திருந்தது. சுங்குடியை வாங்கத் தலை குனிய வேண்டிய தாபு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, நான் எப்பவோ விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க" என்று மெதுவாகச் சொல்லி, தலைப்பாகையின் தொங்கலைத் தொட்டாள்.

அது இறங்கிவிட்டது. பதினெட்டு முழம், ஒரு விரல் கூடுதலில்லை. இருபத்தாறு வருஷம் வெயில் படாத தலை வெளுத்துச் சின்னதாக இருந்தது. காற்று பட்டது. ஜேட்மலுக்கு அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்படியே திரும்பி நடந்தால் ஐம்பதை நெருங்கிய ஒற்றை ஆள், அந்த வீட்டில் எவனுக்கும் எவளுக்கும் உறவில்லாதவன். முன்னால் வாசற்படி, அதைத் தாண்டி வெளியாளுக்கு இடமில்லை. உள்ளே ஒரு பெண் மாமனில்லாமல் மணையில் உட்கார வேண்டும்.

குனிந்து துணியைப் பொறுக்கினான்.

"முனையைப் பிடி, தாபு."

அவள் பிடித்தாள். அவன் சுற்றினான்.

"இறுக்கவா, அண்ணா?"

"இறுக்கு."

பிறகு அது இறங்கவில்லை. யாரும் இழுத்துப் பார்க்கவுமில்லை. தாய்மாமனுக்கு உரிய முதல் தட்டை அவன் முன்னால் வைத்தார்கள். நெய் கூடுதலாக ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான்.